எட்டாயிரம் பங்குகளும் மூவாயிரம் ரூபாயும்

பங்குச் சந்தைச் சட்டம் தொடர்பான வாசகர் கேள்விக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

வாசகியின் கடிதம், சுருக்கமாக

வாசகிக்கு வயது 41. தனியார் பள்ளியில் அலுவலக வேலை. கணவர் லேத் பட்டறை நடத்துகிறார். போன வருடம் யாரோ அவரை ஒரு டெலிகிராம் குழுவில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு மாதம் வேடிக்கை பார்த்தார். பிறகு அட்மின் சொன்ன ஒரு பங்கில் 14,000 ரூபாய் லாபம் கிடைத்தது. அந்தத் தைரியத்தில் 5,000 ரூபாய் கட்டி ‘விஐபி’ குழுவுக்குப் போனார். அங்கே எல்லோருக்கும் சொல்லப்பட்டது ஒரே ஒரு சிறிய நிறுவனத்தின் பங்கு. 58 ரூபாயில் 2,000, 81-இல் 3,000, நகையை அடகு வைத்து 104-இல் இன்னொரு 3,000 என வாங்கினார். மொத்தம் 6,71,000 ரூபாய். விலை 127 வரை போனபோது பாதியை விற்கலாமா என்று கேட்டார். “பேப்பரைக் கைவிடாதீங்க சிஸ்டர், 200 கன்ஃபர்ம்” என்று பதில் வந்தது. அடுத்த வாரமே லோயர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் விலை இறங்கக்கூடிய கடைசி எல்லை. தினமும் விற்கப் போட்டும் ஒரு பங்குகூட விற்கவில்லை. ஒன்றரை மாதத்தில் விலை 31-க்கு வந்துவிட்டது.

இப்போது அட்மின் ஆவரேஜ் பண்ணச் சொல்கிறார், அதாவது குறைந்த விலையில் இன்னும் வாங்கிச் சராசரி விலையை இறக்கச் சொல்கிறார். பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து வாங்கி விலையைத் தூக்கலாம் என்று குழுவில் ஒரு பேச்சு ஓடுகிறது. ஒருவர் போன் செய்து, சந்தைக்கு வெளியே 45 ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறேன் என்றார். இன்னொருவர், தான் செபி (பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் வாரியம்) அதிகாரி என்றும் 18,000 ரூபாய் கட்டினால் பணத்தை மீட்டுத் தருவதாகவும் சொன்னார். போட்ட பணம் திரும்ப வருமா, யார் மேல் வழக்குப் போடுவது, பங்கை விற்றால் புகார் கொடுக்கும் உரிமை போய்விடுமா என்பவை வாசகியின் கேள்விகள். கணவருக்கு இன்னும் தெரியாது. கடைசியில், தயங்கித் தயங்கி ஒரு வரி: தானும் சிலரைக் குழுவில் சேர்த்துவிட்டதாகவும், அதற்காக அட்மின் ஜிபேயில் 3,000 ரூபாய் அனுப்பியதாகவும் எழுதியிருக்கிறார்.

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் கணக்கைச் சரியாகப் போடுவோம். “ஏழு லட்சம் போச்சு” என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழும் போகவில்லை. 8,000 பங்குகளுக்கு இன்றைய விலையில் 2,48,000 ரூபாய் வரும். நஷ்டம் 4,23,000. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. மிச்சமிருக்கும் அந்த இரண்டரை லட்சத்தின் மேல் இப்போது மூன்று பேர் கண் வைத்திருக்கிறார்கள். ஆவரேஜ் பண்ணச் சொல்லும் அட்மின், 45 ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறேன் என்றவர், செபி அதிகாரி என்றவர். போன பணத்தைப் பேசுவதற்கு முன், இருப்பதைக் காப்பாற்றியாக வேண்டும்.

சந்தைக்கு வெளியே வாங்குகிறேன் என்றவர், “முதலில் பங்கை மாற்றிவிடுங்கள், பணம் சாயந்திரம் வரும்” என்றுதான் சொல்லியிருப்பார். ஓடிபி சொல்லி மாற்றிக் கொடுத்துவிட்டால் அது நீங்களே மனமுவந்து செய்த பரிமாற்றம். இடையில் எக்ஸ்சேஞ்சும் (பங்குச் சந்தை அமைப்பு) இல்லை, பணத்துக்கு உத்தரவாதமும் இல்லை. 31 ரூபாய்க்குச் சந்தையில் கிடைக்கும் பங்கை ஒருவர் ஏன் 45 கொடுத்து வாங்க வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். செபி அதிகாரி என்றவரைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. செபி எந்த முதலீட்டாளரிடமும் போன் செய்து கட்டணம் கேட்பதில்லை. கடிதம் அனுப்பினால், அதிலுள்ள எண் உண்மையானதா என்று செபி இணையதளத்திலேயே சரிபார்க்க வசதி இருக்கிறது. அழைத்த அந்த இருவரின் போன் எண்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் பேச வேண்டாம்.

உங்களுக்கு விற்றது யார்?

“மார்க்கெட் விழுந்ததால் என் பங்கும் விழுந்தது” என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய விலைப் பட்டியலைப் பார்த்தேன். ஜனவரியில் இந்தப் பங்கு சில நாட்களில் இரண்டாயிரம் மூவாயிரம் எண்ணிக்கையில்தான் கைமாறியிருக்கிறது. நீங்கள் 104-க்கு வாங்கிய வாரத்தில் தினமும் பல லட்சம் பங்குகள். நீங்கள் வாங்கினீர்கள், உங்கள் குழுவில் எல்லோரும் வாங்கினார்கள். அப்படியானால் அத்தனை லட்சம் பங்குகளை விற்றது யார்? யாருமே விற்காதீர்கள் என்று குழுவில் ஒருவர் கத்திக்கொண்டிருந்த அதே நாட்களில், யாரோ நிதானமாக விற்றுக்கொண்டிருந்தார்கள்.

இந்த வேலை நடக்கும் விதம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். அதிகம் கைமாறாத ஒரு சிறிய நிறுவனத்தின் பங்கைச் சில கணக்குகள் சத்தமில்லாமல் சேர்த்து வைக்கும். பிறகு அந்தக் கணக்குகள் தங்களுக்குள்ளேயே வாங்கி விற்று விலையை ஏற்றும். வாங்குபவரும் விற்பவரும் ஒரே கூட்டம் என்பதால் அவர்களுக்கு அதில் செலவு அதிகமில்லை. ஆனால் வெளியே இருந்து பார்ப்பவருக்கு வால்யூமும் (கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை) அப்பர் சர்க்யூட்டும் (ஒரு நாளில் விலை ஏறக்கூடிய கடைசி எல்லை) தெரியும். அப்புறம் ஒரு கதை வேண்டும்: பெரிய ஆர்டர், பெரிய குழுமம் வாங்கப் போகிறது, ஏதோ ஒன்று. கதை எல்லோருடைய போனுக்கும் வந்து சேரும் நேரத்தில், சேர்த்து வைத்தவர்கள் விற்க ஆரம்பித்திருப்பார்கள்.

சாத்னா பிராட்காஸ்ட் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 2022 ஜூலையில், அந்த நிறுவனத்தை அதானி குழுமம் வாங்கப் போகிறது என்றெல்லாம் சொல்லும் யூடியூப் வீடியோக்கள் வெளிவந்தன. விலை ஏறியது, சின்ன முதலீட்டாளர்கள் குவிந்தார்கள். வீடியோக்களுக்குப் பிறகு சிறு பங்குதாரர்களின் எண்ணிக்கை 2,167-லிருந்து 55,343 ஆனதாக செபி தன் உத்தரவில் பதிவு செய்திருக்கிறது. பங்கை ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் அந்த ஏற்றத்தில் விற்று வெளியேறினார்கள். உங்கள் நிறுவனமும் காலாண்டுக்கு ஒருமுறை பங்குதாரர் விவரத்தை எக்ஸ்சேஞ்ச் தளத்தில் வெளியிட வேண்டும். கடைசி மூன்று காலாண்டு விவரங்களை இறக்கி, பொதுப் பங்குதாரர் எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருந்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். எந்தப் பெயர் எந்தக் காலாண்டில் காணாமல் போனது என்று பாருங்கள். புகாரில் அதை இணைத்தால் கனம் கூடும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தந்த வரி வேறு: “அது ஆபரேட்டர் பங்குன்னு எனக்கும் தெரியும் சார், முன்னாடியே ஏறிட்டா முன்னாடியே இறங்கிடலாம்னு நினைச்சேன்.” ஆபரேட்டர் என்றால் பின்னாலிருந்து விலையை ஆட்டுவிப்பவர். இப்படி நினைப்பவர்கள் நிறையப் பேர். என்னைத் தேடி வருபவர்களில் பாதிப் பேர் தங்களை ஏமாந்தவர்கள் என்று சொல்வதில்லை, இறங்கத் தாமதித்துவிட்டோம் என்றுதான் சொல்கிறார்கள். தாமதம் காரணமில்லை. உங்களுக்குத் தகவல் வந்ததே நீங்கள் வாங்க வேண்டும் என்பதற்காகத்தான். அவர்கள் திட்டத்தில் உங்கள் இடம் வாங்குபவரின் இடம். முதலில் கிடைத்த 14,000 ரூபாய் லாபமும் அந்தத் திட்டத்துக்குள் அடங்கியதுதான். இரண்டு லட்சம் போட்டவரை ஆறு லட்சம் போட வைப்பதற்கான செலவு அது.

குழுவில் வந்த ‘எக்ஸ்சேஞ்ச் அறிவிப்பு’ படத்தை நம்பியதாக எழுதியிருக்கிறீர்கள். 2008 டிசம்பரில் நம் சென்னையின் பிரமிட் சாய்மீரா தியேட்டர் நிறுவனத்தின் பங்கில் நடந்தது நினைவிருக்கலாம். அதன் நிறுவனர் பொதுமக்களின் பங்குகளை 250 ரூபாய்க்குக் குறையாமல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று செபியின் பெயரிலேயே ஒரு போலிக் கடிதம் தயாரித்தார்கள். பத்திரிகைகளும் அதைச் செய்தியாகப் போட்டன. அப்படியிருக்க, ஒரு ஸ்கிரீன்ஷாட் தயாரிப்பது எத்தனை நிமிட வேலை? இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஊடகங்களில் வரும் வதந்தி உண்மையா இல்லையா என்று நிறுவனமே தெளிவுபடுத்த வேண்டும் என்ற விதி, சந்தை மதிப்பில் முதல் 250 நிறுவனங்களுக்குத்தான் பொருந்துகிறது. வதந்தி அதிகம் விளையும் சின்ன நிறுவனங்கள் அந்த வளையத்துக்கு வெளியே.

செபியும் எக்ஸ்சேஞ்சும்தான் கெடுத்தார்களா?

பங்கை ‘ஏஎஸ்எம்’ என்ற கூடுதல் கண்காணிப்புப் பட்டியலில் போட்டு, ஐந்து சதவீத சர்க்யூட் வைத்ததால்தான் வெளியேற முடியவில்லை என்று கோபப்படுகிறீர்கள். குழுவிலும் அப்படித்தான் சொல்லித் தருவார்கள். காரியம் நடந்த வரிசையைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலின்படி, பங்கு ஏஎஸ்எம்முக்குப் போனது 90 ரூபாயில், ஏறிக்கொண்டிருந்தபோது. அதற்குப் பிறகுதான் 104-க்கு நகைக்கடன் வாங்கிப் போட்டீர்கள். வாங்கும்போது உங்கள் ஆப்பில் ஓர் எச்சரிக்கைப் பெட்டி வந்திருக்கும், ‘சரி’ என்று அழுத்தியிருப்பீர்கள். விலை ஏற்றம் இயல்பாக இல்லை, சில கணக்குகளிலேயே வர்த்தகம் குவிந்திருக்கிறது என்பது போன்ற காரணங்களுக்காக ஒரு பங்கை அதில் சேர்ப்பார்கள். அது நிறுவனத்தின் மேல் தண்டனையும் அல்ல, மோசடி என்ற தீர்ப்பும் அல்ல.

லோயர் சர்க்யூட்டில் விற்க முடியாமல் போனதற்குக் காரணமும் எளிமையானது. காலையில் உங்கள் ஆர்டர் போய் நின்ற வரிசையில் உங்களுக்கு முன் நாலைந்து லட்சம் பங்குகள் விற்கக் காத்திருந்தன. வாங்கும் பக்கம் பூஜ்யம். ஒரே விலையில் யார் முதலில் வந்தாரோ அவருக்கே முதலிடம். சர்க்யூட் இல்லாமல் இருந்திருந்தால் ஒன்றரை மாதத்தில் நடந்தது ஒரே காலையில் நடந்திருக்கும்.

உங்கள் புரோக்கர் மேலும் வழக்குக்கு இடமில்லை. அவர் நீங்கள் போட்ட ஆர்டரைத்தான் நிறைவேற்றினார். உங்களுக்குத் தெரியாமல் ஆர்டர் போட்டிருந்தாலோ, அவருடைய ஆளே இந்தப் பங்கை வாங்கச் சொல்லியிருந்தாலோ கதை வேறு.

பணம் திரும்ப வருமா?

நேராகச் சொல்லிவிடுகிறேன்: 4,23,000 ரூபாய் திரும்பும் என்று எண்ணி எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

சட்டத்தில் பல் இல்லாமல் இல்லை. 1992-ஆம் ஆண்டு செபி சட்டமும், மோசடி வர்த்தகத்தைத் தடுக்கும் 2003-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் இதை நேரடியாகத் தடை செய்கின்றன. அபராதம் குறைந்தது 5 லட்சம். அதிகபட்சம் 25 கோடி அல்லது அடித்த லாபத்தின் மூன்று மடங்கு, இரண்டில் எது பெரிதோ அது. குற்ற வழக்காகப் போனால் பத்து ஆண்டு வரை சிறை. நேரடிச் சாட்சி இல்லாவிட்டாலும் வர்த்தகம் நடந்த விதம், சூழ்நிலை, ஆட்களுக்குள் இருக்கும் தொடர்பு ஆகியவற்றிலிருந்தே மோசடியை ஊகிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் கிஷோர் அஜ்மேரா வழக்கில் சொல்லிவிட்டது.

ஆனால் இதெல்லாம் அவர்களைத் தண்டிப்பதற்கான வழி. நீங்கள் கேட்பது உங்கள் பணத்தை. சாத்னா வழக்கில் வீடியோ வந்தது 2022 ஜூலை, இடைக்கால உத்தரவு 2023 மார்ச், இறுதி உத்தரவு 2025 மே. 59 பேர் மேல் நடவடிக்கை எடுத்து, 58 கோடி ரூபாய்க்கு மேல் வட்டியோடு திருப்பிக் கட்டச் சொன்னார்கள். அப்படிப் பறிக்கும் பணம் செபியின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போகும். அதிலிருந்து பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. 2003 முதல் 2005 வரை போலிக் கணக்குகள் வழியாக ஐபிஓ (முதல் பொது வெளியீடு) பங்குகளைச் சுருட்டிய விவகாரத்தில், ஒதுக்கீடு கிடைக்காமல் போன சிறு விண்ணப்பதாரர்களுக்கு 2010-இல் உண்மையிலேயே பணம் போனது. ஆனால் அப்படி நடப்பது அரிது. நடந்தாலும் நீண்ட காலம் ஆகும்.

நுகர்வோர் நீதிமன்றம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். லாபத்துக்காகப் பங்கு வாங்கி விற்பவரை ‘நுகர்வோர்’ என்று அங்கே ஏற்க மாட்டார்கள். செபியின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயத்தைச் சிவில் நீதிமன்றம் எடுக்கக் கூடாது என்று செபி சட்டத்திலேயே தடை இருக்கிறது. எக்ஸ்சேஞ்சின் பாதுகாப்பு நிதி புரோக்கர் திவாலானால்தான் உதவும். உங்களிடம் யாராவது “ஒரு நோட்டீஸ் விட்டாப் போதும், பணம் வந்துடும்” என்று பீஸ் கேட்டால், அவர் கறுப்பு கோட்டுப் போட்டிருந்தாலும் கொடுக்காதீர்கள்.

விசித்திரம் என்னவென்றால், நீங்கள் கட்டிய 5,000 ரூபாய் சந்தாவுக்கு வழி கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. அட்மின் காட்டிய செபி பதிவு எண்ணை செபி தளத்தின் பட்டியலில் பார்த்தேன். அது வேறு மாநிலத்திலுள்ள வேறொருவருடையது. பதிவில்லாமல் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்வதே தனிக் குற்றம். 2023 அக்டோபரில் ‘பாப் ஆஃப் சார்ட்’ என்ற பெயரில் இயங்கியவரிடம், வாங்கிய கட்டணமான 17 கோடி ரூபாய்க்கு மேல் தனி எஸ்க்ரோ கணக்கில் கட்டி வைக்கும்படி செபி இடைக்கால உத்தரவிட்டது.

புகாருக்கு முன் ஆதாரம்

குழுவை விட்டு உடனே வெளியேறப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கு வேண்டாம். டெலிகிராமில் அட்மின் நினைத்தால் எல்லோருடைய போனிலிருந்தும் பதிவுகளை அழித்துவிடலாம். கம்ப்யூட்டரில் டெலிகிராமைத் திறந்து, உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்யும் வசதியைப் பயன்படுத்திச் சேமித்துவிடுங்கள். பெயர் மட்டும் போதாது, பெயரை நிமிடத்தில் மாற்றலாம். யூசர்நேம், குழுவின் லிங்க், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட்டும் எடுங்கள். அந்தப் போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது அது இருந்த கருவியைப் பற்றிச் சான்றிதழ் கேட்பார்கள்.

அடுத்து கான்ட்ராக்ட் நோட், அதாவது புரோக்கர் அனுப்பும் வர்த்தக ரசீது. நீங்கள் வாங்கிய ஒவ்வொரு தடவைக்கும் மின்னஞ்சலில் வந்திருக்கும், திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதில் ஆர்டர் எண், டிரேடு எண், விநாடி வரை நேரம் எல்லாம் இருக்கும். உங்களுக்கு விற்றவர் யார் என்று உங்களால் பார்க்க முடியாது. ஆனால் அந்த டிரேடு எண்ணை வைத்து எக்ஸ்சேஞ்சின் கண்காணிப்புப் பிரிவு பார்த்துவிட முடியும். ‘11.42-க்கு அட்மின் வாங்கச் சொன்னார், 11.47-க்கு நான் வாங்கினேன், டிரேடு எண் இது’ என்று ஒரே தாளில் மூன்று வாங்குதலையும் எழுதுங்கள். பத்துப் பக்கம் கண்ணீர்க் கடிதத்தைவிட அந்த ஒரு தாள் வேலை செய்யும்.

புகாரை எங்கே கொடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். செபியின் ‘ஸ்கோர்ஸ்’ புகார் தளம் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், பதிவு பெற்ற இடைத்தரகர்கள் மேலான குறைகளுக்கு. அங்கே 21 நாளில் பதில் வர வேண்டும். ஆனால் விலை விழுந்தது என்பது அங்கே புகாரே ஆகாது. விலை மோசடி பற்றி விசாரிக்கச் சொல்லும் தகவலை செபி சந்தை உளவுத் தகவலாக எடுத்துக்கொள்கிறது. அதற்குத் தனிப் படிவம் செபி தளத்தில் இருக்கிறது. அந்த வழியில் கொடுத்தால் “உங்கள் புகார் என்ன ஆயிற்று” என்று அவ்வப்போது பதில் வராது. விசாரணை ரகசியமாக நடக்கும். பதில் வரவில்லை என்பதால் குப்பையில் போட்டார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம். பதிவில்லாத ஆலோசகர் என்ற புகாரைத் தனியாக எழுதுங்கள், இரண்டையும் குழப்ப வேண்டாம்.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைப்பது, செபி அதிகாரி என்றவரைப் பற்றியும் 5,000 ரூபாய் பற்றியும் புகார் செய்ய. பங்கு வாங்கிய 6,71,000-ஐ அங்கே ‘முடக்க’ முடியாது. அது எக்ஸ்சேஞ்ச் வழியாக முறைப்படி விற்றவருக்குப் போய்ச் சேர்ந்த பணம். போலி ஆப்பில் பணம் போட்டவர்களுக்கு முதல் சில மணி நேரத்தில் 1930 பெரிய உதவி. உங்கள் விவகாரம் அந்த வகை இல்லை.

அந்த 3,000 ரூபாய்

கடிதத்தின் கடைசி வரியில் வைத்திருக்கிறீர்கள். எனக்கு இதுதான் முதல் வரி.

வெறுமனே நம்பி, நான்கு பேருக்கு ஒரு பரிந்துரையை அனுப்பியவரைச் சட்டம் மோசடிக்காரராகப் பார்ப்பதில்லை. தவறான தகவல் என்று தெரிந்தே பரப்பினாரா, அதில் பலன் அடைந்தாரா என்று பார்க்கும். நீங்கள் ஒரு பங்குகூட விற்கவில்லை, கொள்முதல் மூன்றும் உங்கள் கணக்கில் அப்படியே இருக்கின்றன. அது உங்களுக்குச் சாதகம். 3,000 ரூபாய் வாங்கியது சாதகம் இல்லை. ஆனால் மறைத்தால்தான் அது பெரிய சிக்கல். பிறகு வங்கிக் கணக்கு விவரம் வரும்போது புகார்தாரரையே சந்தேகிப்பார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அட்மினின் பெயர் பொய், படம் பொய், பதிவு எண் பொய். ஆனால் அந்த 3,000 ரூபாய் ஏதோ ஒரு நிஜ வங்கிக் கணக்கிலிருந்துதான் வந்தது. அந்தக் கணக்கைத் திறக்க யாரோ பான் கார்டு கொடுத்திருக்கிறார்கள். அது வாடகைக்கு எடுத்த கணக்காகவே இருக்கட்டும், அங்கிருந்து அடுத்த ஆளுக்கு நூல் போகும். நீங்கள் மறைக்க நினைத்த அந்தப் பரிவர்த்தனை எண்தான் உங்களிடம் இருப்பதிலேயே வலுவான சான்று. நீங்கள் கட்டிய 5,000 போன யுபிஐ முகவரியும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். புகாரில் இரண்டையும் தேதியோடு, சாக்குப்போக்கு இல்லாமல், நீங்களே எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் அந்தப் பத்தியை மட்டுமாவது காட்டிவிடுங்கள்.

நீங்கள் சேர்த்துவிட்டவர்களில் உங்கள் கொழுந்தனாரும் பள்ளியில் வேலை செய்யும் இருவரும் இருக்கிறார்கள். அவர்களிடம் நீங்களே சொல்லுங்கள், தொகையோடு. ஒவ்வொருவரும் தன் கான்ட்ராக்ட் நோட்டோடு தனித்தனியாகப் புகார் கொடுக்கட்டும். உங்கள் புகாரில் அவர்கள் பெயர் வருவதற்கு முன் அவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

கையில் இருக்கும் 8,000 பங்குகள்

விற்கவா வைக்கவா என்று சொல்வது என் வேலை இல்லை. சட்டமும் வரியும் தொட்ட சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

விற்றால் புகார் கொடுக்கும் உரிமை போகாது. விற்ற பிறகு நஷ்டம் ஒரு திட்டமான எண்ணாகிவிடும், அவ்வளவுதான். விற்றால் குறுகிய கால மூலதன நஷ்டமாகும். அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வேறு பங்கிலோ, வீடு மனையிலோ வரும் மூலதன ஆதாயத்தில் கழிக்கலாம். கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் எட்டு ஆண்டு வரை கொண்டு போகலாம். பங்கின் வர்த்தகத்தையே நிறுத்திவிட்டால் சந்தையில் விற்க வழியில்லை, விற்றால்தான் நஷ்டத்தைக் கணக்கில் காட்ட முடியும்.

ஆவரேஜ் விஷயம். இன்னும் 8,000 வாங்கினால் சராசரி 84-லிருந்து 57-க்கு இறங்கும், உண்மைதான். போட்ட பணம் 9,19,000 ஆகும் என்பதை அட்மின் சொல்ல மாட்டார். 31 திரும்ப 84 ஆக வேண்டுமானால் 171 சதவீதம் ஏற வேண்டும். கதை முடிந்துபோன பங்கில் அதை யார் ஏற்றுவார்கள்? மிச்சப் பங்குகளை இன்னும் விற்று முடிக்காதவர்களுக்குத்தான் இப்போது உங்கள் ஆர்டர் தேவைப்படுகிறது.

எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் வாங்கி விலையைத் தூக்கும் யோசனையில் பெயரளவில்கூடச் சேராதீர்கள். பாதிக்கப்பட்டவர்கள் செய்தாலும் அதற்குப் பெயர் விலை மோசடிதான். இதுவரை நீங்கள் புகார்தாரர், அதில் கை வைத்தால் எதிர்மனுதாரர். அதேபோல் நீங்கள் விற்க முடிவு செய்தால், விற்கும் நாட்களில் எந்தக் குழுவிலும் அந்தப் பங்கைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்றும் எழுத வேண்டாம். உங்களுக்கு நடந்ததையே அடுத்தவருக்குச் செய்ததாகும்.

நகைக்கடன் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. 3,12,000 ரூபாய்க்கு அடகு வைத்த நகை மீட்கப்படாமல் போனால் ஏலத்துக்கு முன் நோட்டீஸ் வரும். அது உங்கள் பெயருக்குத்தான் வரும். ஆனால் தபால்காரர் பகலில் வரும்போது வீட்டில் இருப்பது உங்கள் கணவர், பட்டறை வீட்டோடுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். கடனின் கெடு தேதியை இன்றே பாருங்கள். குறைந்தபட்சம் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க வழியிருக்கிறதா என்று கிளையில் கேளுங்கள். அதற்கு முன், இந்த வாரமே, கான்ட்ராக்ட் நோட்டையும் அடகு ரசீதையும் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் சொல்லிவிடுங்கள். புகாரில் வீட்டு முகவரி கேட்பார்கள், விசாரணைக் கடிதம் வந்தால் அதுவும் அந்த வாசலுக்குத்தான் வரும்.